தனியார் கடையா, இணையமா, அரச கடையா: கனடாவில் கஞ்சா வாங்கும் முதியவர்களுக்கு எது பாதுகாப்பு?

கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது 2018 ஒக்டோபர் 17இல். மூட்டுவலிக்கோ தூக்கமின்மைக்கோ "அதை ஒருக்கா எடுத்துப் பார்த்தால் என்ன?" என்று கேட்கும் அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். எடுப்பதா வேண்டாமா என்பதை அவரவர் தங்கள் வைத்தியரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். வாங்குவதென்று முடிவான பிறகு எங்கே வாங்குவது என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன். வாசலில் சாய்தளம் இருந்தால் போதாது. சொல்வது விளங்க வேண்டும், நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்க வேண்டும். அந்தக் கண்ணோடுதான் மூன்றையும் ஒப்பிடுகிறேன்.

முதலில் ஒன்ராறியோவின் தனியார் கடைகள். 2019 ஏப்ரல் 1இல் தொடங்கின, இன்று 1,500ஐத் தாண்டிவிட்டன. ஸ்காபரோவில் நடந்து போகும் தூரத்திலேயே கிடைக்கும், சிலவேளை தமிழ் பேசும் ஊழியரும் இருப்பார். மாகாணத்தின் 2005ஆம் ஆண்டு அணுகல்வசதிச் சட்டம் இந்தக் கடைகளுக்கும் பொருந்தும். வழிகாட்டி நாயை உள்ளே விட வேண்டும், உதவிக்கு வருபவரையும் அனுமதிக்க வேண்டும், ஊழியர்களுக்கு அதற்கான பயிற்சியும் கொடுக்க வேண்டும்.

ஆனால் ஒரு சிக்கல். 19 வயதுக்குக் குறைந்த எவரும் இந்தக் கடைக்குள் கால் வைக்க முடியாது. நம் குடும்பங்களில் முதியவர்களுக்கு மொழிபெயர்ப்பது பெரும்பாலும் பேரப்பிள்ளைகள்தான். பதினாறு வயதுப் பேத்தி வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் இதே நிலை. அதனால் பிள்ளைகளில் ஒருவரோ வயது வந்த உறவினரோ கூடப் போவது நல்லது.

இன்னொன்று, தனியார் கடை விற்பனையால்தான் பிழைக்கிறது. எல்லா ஊழியர்களும் கட்டாயப் பயிற்சி பெற்றவர்கள், அவர்களில் பலர் அக்கறையோடு பேசுபவர்கள். இருந்தாலும் மருத்துவ ஆலோசனை சொல்வது அவர்கள் வேலை இல்லை. குருதி உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் இதைக் கடையில் கேட்பதை விட, மருந்தகத்தில் தன் மருந்துப் பட்டியலைக் காட்டிக் கேட்க வேண்டும். சிபிடி (கஞ்சாவிலுள்ள, போதை தராத ஒரு வேதிப்பொருள்) உள்ள பொருள்கள் அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டக்கூடியவை.

இரண்டாவது, ஒன்ராறியோ அரசின் இணையக் கடை. நடமாட்டம் குறைந்தவர்களுக்கு இது பெரிய உதவி. எழுத்தைப் பெரிதாக்கலாம், மகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாக வாசிக்கலாம், பின்னால் வரிசையில் யாரும் நிற்க மாட்டார்கள். ஆனால் பொதியை வாசலில் வைத்துவிட்டுப் போக மாட்டார்கள். 19 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் அடையாள அட்டையோடு கதவைத் திறக்க வேண்டும். நடக்கச் சிரமப்படுபவர் தனியாக இருக்கும் நேரத்தில் பொதி வந்தால் அது வீண் அலைச்சல்தான். 2022 மார்ச் முதல் தனியார் கடைகளும் நிரந்தரமாகவே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்பதால், அந்த வசதி இப்போது இரண்டு பக்கமும் உண்டு.

மூன்றாவது கியூபெக். அங்கே சில்லறை விற்பனை முழுவதும் அரச நிறுவனத்தின் கையில். கடைகள் நூறை ஒட்டித்தான் இருக்கின்றன. வயது வரம்பு 2020 ஜனவரி 1 முதல் 21, நாட்டிலேயே கடுமையானது. இருபது வயதுப் பேரன்கூட உள்ளே வர முடியாது. பிரெஞ்சு தெரியாத முதியவருக்கு அந்தச் சூழலே அந்நியமாக இருக்கும். இவ்வளவு குறை சொல்லிவிட்டும் நான் அந்த அமைப்பை மதிக்கிறேன். அதிகம் விற்பது அந்த நிறுவனத்தின் நோக்கம் இல்லை என்று அதன் சட்டமே சொல்கிறது, இலாபம் தடுப்புப் பணிக்கும் ஆய்வுக்கும் போகிறது. டிஎச்சி, அதாவது போதை தரும் வேதிப்பொருள், 30 சதவீதத்துக்கு மேலான எதையும் அங்கே வாங்க முடியாது. ஒன்ராறியோவிலோ 80 சதவீதத்தைத் தாண்டும் செறிவூட்டிய வகைகளும் அலமாரியில் இருக்கும். முதன்முதல் எடுக்கும் எழுபது வயதுக்காரருக்கு அவை வேண்டவே வேண்டாம்.

எங்கே வாங்கினாலும் பொதியிலுள்ள சிறிய எழுத்தை வாசிக்காமல் விடாதீர்கள். புகைக்கும் உலர்ந்த பூ வகையின் சில பொதிகளில் இரண்டு எண்கள் இருக்கலாம். "டிஎச்சி 2 மிகி/கி" (ஒரு கிராமில் 2 மில்லிகிராம்) என்பதைப் பார்த்து லேசானது என்று நினைத்துவிடலாம். பக்கத்தில் "மொத்த டிஎச்சி 220 மிகி/கி" என்று இருக்கும். சூடாக்கிய பிறகு கிடைப்பது அதுதான், அதாவது 22 சதவீதம். புதிதாகப் புகைப்பவருக்கு 10 சதவீதமோ அதற்குக் குறைவோ என்பதுதான் சுகாதாரத்துறையின் அறிவுரை. உண்ணும் வகைக்கு டிஎச்சி 2.5 மில்லிகிராம். ஒரு பொதியில் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். அந்தப் பத்தும் ஒரே துண்டில் இருந்தால், கத்தியால் நாலாக வெட்டி ஒரு பங்கு மட்டும். ஐந்து துண்டாக இருந்தால் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். சாப்பிட்டது வேலை செய்யத் தொடங்க 30 நிமிடத்திலிருந்து 2 மணி நேரம் வரை எடுக்கும், உச்சம் தொட 4 மணி நேரம்கூட ஆகலாம். "ஒண்டும் தெரியேல்லை" என்று இன்னொரு துண்டு எடுப்பதில்தான் ஆபத்து வருகிறது. தலைசுற்றி விழுந்தால் முதியவருக்கு இடுப்பெலும்பு போய்விடும். மதுவோடு சேர்க்கவே கூடாது. குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

குழந்தை திறக்க முடியாத மூடியை வாதம் பிடித்த விரலாலும் திறக்க முடிவதில்லை. அழுத்தித் திருப்ப முடியாமல் சிலர் உள்ளிருப்பதை பிஸ்கட் டப்பாவுக்கு மாற்றிவிடுகிறார்கள். பேரப்பிள்ளை ஓடித் திரியும் வீட்டில் இது செய்யவே கூடாதது. திறக்கக் கஷ்டமென்றால் பூட்டுள்ள ஒரு சிறு பெட்டி வாங்கி, மூல உறையோடு அதற்குள் வையுங்கள். மிட்டாய் போன்ற வகைகளைக் கியூபெக் விற்கவிடாததற்குக் காரணமும் குழந்தைகள்தான். உண்ணும் வகைகள் பரவிய மாகாணங்களில் குழந்தைகள் நச்சேறி மருத்துவமனை போவது கியூபெக்கை விட அதிகமாக உயர்ந்தது.

நான் பரிந்துரைப்பது இதுதான்: ஒன்ராறியோவில் இருப்பவர் முதல் தடவை இணையத்தில் வாங்கட்டும், வாசித்துப் புரிந்துகொண்டு. கியூபெக்கில் இருப்பவர் பிரெஞ்சு தெரிந்த பெரியவர் ஒருவரோடு கடைக்குப் போகட்டும். நோய்க்காகத்தான் எடுக்கிறார் என்றால் இந்த மூன்றையும் விட நல்லது வைத்தியரின் பத்திரத்தோடு, உரிமம் பெற்ற மருத்துவ விற்பனையாளரிடம் அஞ்சலில் வாங்குவது. வருமான வரியில் மருத்துவச் செலவாகவும் காட்டலாம்.

கடையில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒன்றும் உண்டு. குடியுரிமை இன்னும் கிடைக்காத நிரந்தரவாசிகள் எடுத்துவிட்டு வண்டி ஓட்டினால், 2018 டிசம்பர் 18க்குப் பிறகு அது பத்தாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். தண்டனை சிறிதாக இருந்தாலும் நாட்டில் இருக்கும் உரிமையே கேள்விக்குள்ளாகலாம். ஊருக்குப் போகும்போது பையில் ஒரு துண்டுகூட இருக்கக்கூடாது. கனடாவின் எல்லையைத் தாண்டிக் கொண்டு போவதே குற்றம், சென்னையிலும் கொழும்பிலும் இறங்கினால் அங்குள்ள சட்டங்கள் இன்னும் கடுமை.