மட் கம்பைல் செய்ய எந்த ஐகான்வ்? மூன்று லைப்ரரிகளும் ஒரு பழைய திஸ்கி அஞ்சல் பெட்டியும்

"இந்த ஐகான்வ் போதாது, லிப்ஐகான்வைப் போட்டுப் பாருங்கள்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியைத் துப்பிவிட்டு, மட் என்ற அஞ்சல் நிரலைக் கம்பைல் செய்வதற்கு முன் கணினியைச் சோதிக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. (ஐகான்வ் என்பது எழுத்துகளை ஒரு என்கோடிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் செயல்பாடு. லிப்ஐகான்வ் அதைத் தரும் தனி லைப்ரரி.) எனக்கு எரிச்சலாக வந்தது. பத்து நிமிடம் முன்னால்தான் அந்த லிப்ஐகான்வை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து நிறுவியிருந்தேன். போட்டவனிடமே போடு என்றால்?

நடந்தது இதுதான். சித்தப்பா ஒரு சிடியைக் கொண்டுவந்தார். 1999 முதல் 2002 வரை அவர் இருந்த தமிழ் மடற்குழுக்களின் மடல்கள், எல்லாம் எம்பாக்ஸ் கோப்புகளாக (பல மடல்களை ஒரே கோப்பில் வரிசையாக வைக்கும் முறை). "எப்படியாவது திறந்து கொடுடா, நான் எழுதினதும் அதுல கிடக்கு" என்றார். "சரி சித்தப்பா, ஒரு ராத்திரி வேலை" என்று வாய்விட்டேன். மூன்று ராத்திரி ஆனது.

டெர்மினலில் ஓடும் மட் நிரல் இதற்கு நல்ல கருவி. 1995-இல் மைக்கேல் எல்கின்ஸ் தொடங்கியது. எம்பாக்ஸை அப்படியே திறக்கும், ஆயிரக்கணக்கான மடல்களை இழை இழையாக அடுக்கிக் காட்டும். (வேற்றுமை உருபு சேர்த்து 'மட்டை' என்று எழுதினால் கிரிக்கெட் நினைவுக்கு வருகிறது. அதனால் கட்டுரை முழுக்க 'மட் நிரல்' என்றே வைத்துக்கொள்கிறேன்.)

ஆனால் என்கோடிங்கை, அதாவது எந்த பைட் எந்த எழுத்து என்ற ஏற்பாட்டை, மாற்றும் வேலையை மட் நிரல் தானே செய்யாது. ஒரு மடல் எந்த என்கோடிங்கில் வந்தாலும் அதை உங்கள் திரையின் யூடிஎஃப்-8-க்கு மாற்ற, ஐகான்வ் என்ற செயல்பாட்டைக் கூப்பிடும். அதன் வடிவத்தை யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரம் வரையறுத்திருக்கிறது. எந்தெந்த என்கோடிங் இருக்க வேண்டும், அவற்றின் பெயர்கள் என்ன என்பதை லைப்ரரி எழுதுபவர்களிடமே விட்டுவிட்டது. போட்டி அங்கேதான் ஆரம்பிக்கிறது. லினக்ஸில் பொதுவாக இருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சியின் உள்ளேயே ஓர் ஐகான்வ் உண்டு. தனியாக நிறுவுவது குனு லிப்ஐகான்வ். ஆல்பைன் லினக்ஸ் போன்றவற்றில் மஸ்ல் என்ற சின்ன சி லைப்ரரிக்குள் இன்னொன்று.

ஜிலிப்சி இருக்கும்போது லிப்ஐகான்வ் எதற்கு?

எதற்கும் இல்லை. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

கன்ஃபிகர் செய்யும் சோதனை சின்னது. ஒரு குட்டி நிரலைக் கம்பைல் செய்து ஓட்டும். அது யூடிஎஃப்-8-இலிருந்து யூடிஎஃப்-8-க்கே மாற்றக் கேட்கும். சில பழைய யூனிக்ஸ்களின் ஐகான்வ் 'இரண்டும் ஒன்றுதானே, முடியாது' என்று மறுத்துவிடும் என்பதற்காக வைத்த சோதனை. ஜிலிப்சி 2.1.2 வரை இருந்த ஒரு பிழையையும் அது பிடிக்கும். அந்தப் பிழை 2.1.3-லேயே சரியாகிவிட்டது. அதாவது இன்றைக்கு ஓடும் எந்த லினக்ஸிலும் இந்தச் சோதனை தோற்கக் காரணமே இல்லை.

அப்படியும் தோற்றது என்றால், குட்டி நிரல் தவறான விடை சொல்லவில்லை, ஓடவே இல்லை. ஓடாததையும் கன்ஃபிகர் 'போதாது' என்றே கணக்கில் எழுதுகிறது. கன்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்து கீழிருந்து மேலே தேடினேன். லிப்ஐகான்வ்.எஸ்ஓ.2 என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி. நான் நிறுவிய லிப்ஐகான்வ், யுஎஸ்ஆர்-லோக்கல் அடைவுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ஜிசிசி கம்பைலர், லைப்ரரியின் செயல்பாடுகளை அறிவிக்கும் ஹெடர் கோப்புகளைத் தேடும்போது சிஸ்டம் அடைவுக்கு முன்பாக அங்கேதான் பார்க்கும். எனவே புது ஹெடர் மாட்டியது. கம்பைல் ஆனது, லிங்க்கும் ஆனது. ஓடும்போது மட்டும், லைப்ரரியை ஏற்றும் லோடருக்கு அந்த அடைவு தெரியவில்லை. லோடரின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக்கை ஒருமுறை ஓட்டினாலே தீர்ந்திருக்கும். நான் அதைச் செய்யவில்லை. லிப்ஐகான்வை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, மட் சோர்ஸை டிஸ்ட்க்ளீன் செய்து (பழைய கன்ஃபிகர் முடிவுகளை அழித்து), கன்ஃபிகரை மறுபடி ஓட்டினேன். மறுபேச்சில்லாமல் போனது.

இந்தக் கலப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. குனு லிப்ஐகான்வின் ஹெடர், ஐகான்வ் செயல்பாடுகளின் பெயருக்கு முன்னால் ரகசியமாக 'லிப்' என்று ஒட்டிவிடும். அதனால் லிங்க்கர் 'லிப்ஐகான்வ்_ஓபன் கிடைக்கவில்லை' என்று முறையிட்டால், ஹெடர் குனுவுடையது, லைப்ரரி வேறு யாருடையதோ. 'லிப்' இல்லாமல் வெறும் 'ஐகான்வ்_ஓபன் கிடைக்கவில்லை' என்றால் நேர் எதிர்: ஹெடர் சிஸ்டத்துடையது, லைப்ரரி குனுவுடையது. மேக்கில் நிரல்களை நிறுவ மேக்போர்ட்ஸ் என்ற கருவியை வைத்திருப்பவர்கள் இரண்டாவதை அடிக்கடி பார்ப்பார்கள். பெண் ஒரு வீட்டில், மாப்பிள்ளை ஒரு மண்டபத்தில் என்ற கதைதான். வித்-லிப்ஐகான்வ்-ப்ரிஃபிக்ஸ் ஆப்ஷனில் அடைவைக் கொடுத்தால் ஹெடரும் லைப்ரரியும் ஒரே இடத்திலிருந்து வரும்.

ஜிலிப்சிக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. அதன் என்கோடிங்குகள் லைப்ரரிக்குள் இல்லை. ஜிகான்வ் என்ற அடைவில் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பாக, மாட்யூலாக இருக்கும், தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும். யூடிஎஃப்-8, ஆஸ்கி போன்ற சில மட்டுமே உள்ளே பதிந்தவை. சாதாரண ஐஎஸ்ஓ-8859-1 கூட வெளிக்கோப்புதான். ஆகவே இளைக்க வைத்த கன்டெய்னரிலோ ஸ்டாட்டிக்காக (லைப்ரரியையும் உள்ளேயே சேர்த்து) லிங்க் செய்த பைனரியிலோ, கம்பைல் சுத்தமாக முடிந்தும் மடலைத் திறக்கும்போது மாற்ற முடியாமல் நிற்கும். ரெட் ஹேட்டின் லினக்ஸான ஆர்எச்இஎல் 9-இல் பெரும்பாலான மாட்யூல்களை ஜிலிப்சி-ஜிகான்வ்-எக்ஸ்ட்ரா என்ற தனி பேக்கேஜாகப் பிரித்துவிட்டார்கள். அங்கே இதை மறந்தால் காரணம் தெரியாமல் முழிக்க வேண்டியதுதான்.

லிப்ஐகான்வுக்கு உரிய இடம்

அதைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். புரூனோ ஹைப்ளே எழுதிய அருமையான லைப்ரரி. எல்லா என்கோடிங் அட்டவணையும் ஒரே கோப்பில். எங்கே தூக்கிப் போனாலும் ஒரே மாதிரி நடக்கும், வெளி மாட்யூல் தேட வேண்டியதில்லை. பழைய யூனிக்ஸ்களில் இதைவிட்டால் வேறு வழியில்லை. மேக்கில் பல வருடம் ஆப்பிளே இதன் ஒரு பழைய பதிப்பைத்தான் தந்தது. 2023-இல் வந்த மேக்ஓஎஸ் 14-இலிருந்து ஃப்ரீபிஎஸ்டி வழி வந்த வேறொன்றுக்கு மாறிவிட்டார்கள். பழைய நடத்தையே வேண்டும் என்பவர்கள் அங்கே லிப்ஐகான்வைத் தனியாகப் போட்டு, அடைவைத் தெளிவாகச் சொல்லிக் கம்பைல் செய்வது நல்லது. ஃப்ரீபிஎஸ்டியில் 10-ஆம் பதிப்பிலிருந்து ஐகான்வ் உள்ளேயே இருக்கிறது, அங்கே தேவையில்லை.

மஸ்ல்: ஓடியது, ஆனால்

இரண்டாம் ராத்திரி, மடிக்கணினியில் ஆல்பைன் கன்டெய்னர் ஒன்றில் முயன்றேன். (ஆல்பைன் என்ற பெயரிலேயே டெர்மினல் அஞ்சல் நிரல் ஒன்றும் உண்டு. அது வேறு, இது லினக்ஸ்.) மஸ்லின் ஐகான்வ் சோதனையை முதல் தடவையே தாண்டியது. மாட்யூல் கிடையாது, அட்டவணைகள் சுருக்கி லைப்ரரிக்குள்ளேயே இருக்கின்றன. மொத்த சி லைப்ரரியும் ஒரு எம்பிக்குள். ஸ்டாட்டிக் பைனரி செய்ய இதைவிடச் சுலபம் வேறு கிடையாது.

குறை இரண்டு. மாற்ற முடியாத எழுத்து வந்தால் மஸ்ல் பிழை சொல்லி நிற்காது. அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டு, 'இத்தனை எழுத்தைத் துல்லியமாக மாற்றவில்லை' என்ற எண்ணிக்கையை மட்டும் திருப்பித் தரும். தரப்படி அது சரிதான், மட் நிரலும் அந்த எண்ணைப் பார்க்கிறது. ஆனால் அந்த எண்ணைப் பார்க்காமல் நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட் எதையாவது பக்கத்தில் வைத்திருந்தால், தமிழ் மடல் முழுக்க நட்சத்திரம் மினுக்கும். இரண்டாவது குறை, என்கோடிங் பட்டியல் சின்னது.

பாதுகாப்பையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மடலின் என்கோடிங் பெயரைத் தீர்மானிப்பது அதை அனுப்பும் முகம் தெரியாத ஆள். 2024 ஏப்ரலில் ஜிலிப்சியின் ஐகான்வில் இருபது வருடத்துக்கும் மேல் பழைய ஓட்டை ஒன்று வெளியானது. ஒரு சீன என்கோடிங்குக்கு மாற்றும்போது சில பைட்டுகள் நினைவக எல்லையைத் தாண்டின. அது அந்த என்கோடிங்குக்குள் போகும் திசையில் இருந்ததால் மடலைப் படிப்பதோடு நேரடித் தொடர்பில்லை. 2025 பிப்ரவரியில் மஸ்லில் வெளியானது கொரிய இயூசி-கேஆரிலிருந்து யூடிஎஃப்-8-க்கு வரும் திசையில். மடல் படிப்பவர் தினமும் போகும் பாதை அது. மஸ்ல் 1.2.5 வரை பாதிப்பு, பிறகு ஒட்டுப்போட்டார்கள். சிஸ்டத்தோடு வரும் லைப்ரரி என்றால் இதெல்லாம் அப்டேட்டில் தானாக வரும். கையால் கம்பைல் செய்து யுஎஸ்ஆர்-லோக்கலில் வைத்ததை நீங்கள்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்க மாட்டேன்.

ஐகான்வே வேண்டாம் என்று டிஸேபிள் செய்யும் ஆப்ஷனும் இருக்கிறது. கம்பைல் ஆகிவிடும். பல் வலிக்கிறது என்று வாயைத் தைத்துக்கொள்வது போல.

திஸ்கிதான் தீர்ப்புச் சொன்னது

அந்தக் காலத் தமிழ் மடல்கள் பெரும்பாலும் திஸ்கி, யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய தமிழ் என்கோடிங். என்கோடிங் பெயர்களைப் பதிவு செய்யும் ஐயானா அமைப்பின் பதிவேட்டில் அது சேர்ந்தது 2007-இல்தான். அதனால் 1999-இல் ஒரு மடலின் தலைப்பில் சரியான பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பெரும்பாலான மடல்கள் 'நான் ஐஎஸ்ஓ-8859-1' என்று பொய் சொல்லிக்கொண்டு வந்திருந்தன. அவற்றில் 'தமிழ்' என்ற சொல் எப்படித் தெரிந்தது தெரியுமா? முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் கோடு போட்ட பெரிய ஆங்கில ஏ, சென்ட் நாணயக் குறி, தலையில் கோடு போட்ட சின்ன யூ. நாலு பைட், நாலு கிறுக்கல்.

திஸ்கி என்று மட் நிரலிடம் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஆல்பைனில் முயன்றபோது, மஸ்லுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. இப்போது அதே சொல் \276\301\242\372 என்று எண்களாக வந்து நின்றது. லிப்ஐகான்வில் பார்க்கலாம் என்றால் அதன் பட்டியலில் தாய், லாவோ, ஜார்ஜியன், தாஜிக் எல்லாம் உண்டு, திஸ்கி இல்லை. ஜிலிப்சியில் இருக்கிறது. 2002-இல் அதை எழுதிக் கொடுத்தவர் யார் என்று சோர்ஸைத் திறந்து பார்த்தேன்: அதே புரூனோ ஹைப்ளே. ஒரே ஆள், இரண்டு லைப்ரரி. தமிழ் ஒன்றில்தான்.

அது வெறும் அட்டவணையும் இல்லை. திஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருக்கும்: முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பின்னால். ஆகவே கொம்பு வந்தால் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, மெய்யை வாங்கி, அடுத்து கால் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் 'கெ'யா 'கொ'வா என்று எழுத முடியும். தட்டச்சுப் பழகியவர்களுக்கு இந்த வரிசை புரியும். டாம், டாப் என்ற மற்ற பழைய தமிழ் என்கோடிங்குகளுக்கு இந்த மரியாதை ஜிலிப்சியிலும் கிடைக்கவில்லை.

மூன்றாம் ராத்திரி மறுபடி ஜிலிப்சி இருக்கும் சர்வருக்கே வந்தேன். இந்த அஞ்சல் பெட்டிக்கு மட்டும் ஒரு தனி அமைப்புக் கோப்பு. அதில் சார்செட்-ஹூக் இரண்டு: ஐஎஸ்ஓ-8859-1 என்று வருவதையும் யுஎஸ்-ஆஸ்கி என்று வருவதையும் திஸ்கியாக எடுத்துக்கொள். திஸ்கியின் முதல் பாதி ஆஸ்கியேதான், எனவே ஆங்கில மடல்களுக்குச் சேதமில்லை. ஒற்றை மடலுக்கு மட்டும் மாற்ற வேண்டும் என்றால் கன்ட்ரோல்-இ அழுத்தி என்கோடிங் பெயரைத் திருத்தலாம். எம்பாக்ஸ் கோப்பையே மொத்தமாக ஐகான்வ் கட்டளையில் போட்டு மாற்றிவிடலாமே என்று நண்பர் கேட்டார். கோட்டட்-பிரின்டபிளாக (தமிழ் பைட்டுகளை ஆஸ்கி எழுத்துகளால் எழுதி) வந்த மடல்கள் அதில் மாறாது, அப்படியே தங்கிவிடும். அதனால் விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு இடறல். ஐகான்வ் சரியாகியும் தமிழுக்குப் பதில் \340\256\244 என்று வந்தால் ஐகான்வைத் திட்டாதீர்கள். அது 'த'வின் யூடிஎஃப்-8 பைட்டுகள், ஒழுங்காக மாறியேவிட்டது. லொகேல் (கணினியின் மொழி, எழுத்து அமைப்பு) அமைக்கவில்லை, அல்லது திரையில் எழுதும் லைப்ரரியில் யூனிகோடு அறிந்த என்கர்சஸ்-டபிள்யூவுக்குப் பதில் சாதாரண என்கர்சஸோடு லிங்க் ஆகியிருக்கிறது. மட் நிரலை வி ஆப்ஷனோடு ஓட்டினால் எதனோடு கட்டியது என்று பட்டியல் தரும். அதில் லிப்ஐகான்வ் என்று பதிப்பு எண்ணோடு ஒரு வரி இருந்தால் குனு உள்ளே வந்துவிட்டது, இல்லாவிட்டால் சிஸ்டத்துடையது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவை உட்கார வைத்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நாலைந்து மடல் படித்தார். "யாருடா இது, ஒரு சந்திப் பிழைக்கு இப்படி மல்லுக்கு நிக்கிறான்?"

"அனுப்புநர் பேரைப் பாருங்க சித்தப்பா."