பெயர் அதே, எஞ்சின் வேறு: பெட்ரோல் புல் வெட்டும் மெஷின், வாங்கிய பிறகு எழுதுவது

மண்டபம் பக்கம் கடலோரத்தில் நாங்கள் நடத்தும் விடுதிக்குப் புதிதாக ஒரு பெட்ரோல் புல் வெட்டும் மெஷின் வாங்கினோம். பழையது நன்றாக உழைத்ததால் அதே கம்பெனி, அதே மாடல் என்று கேட்டுத்தான் வாங்கியது. வந்து பார்த்தால் உடம்பு, சக்கரம், கைப்பிடி எல்லாம் அதே, எஞ்சின் மட்டும் வேறு. பழையதில் ஹோண்டா இருந்தது. இதில் இருப்பது வேறு எங்கோ செய்து வாங்கி, மேலே மெஷின் கம்பெனி தன் பெயரை ஒட்டிய எஞ்சின்.

வேலை என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. கார்த்திகை மழைக்குப் பிறகு மளமளவென்று ஏறிய புல்லைத் திணறாமல் வெட்டியது. கயிற்றை இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது, பெட்ரோலும் அதிகம் குடிக்கவில்லை. சத்தம் பழையதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்ப்ரேட்டர் அடைத்தபோதுதான் சிக்கல் வந்தது. ராமநாதபுரத்தில் மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு ஜெட்டும் (பெட்ரோல் வரும் சிறு துளை உள்ள பாகம்) கேஸ்கட்டும் (கசியாமல் இருக்க இடையில் வைக்கும் தகடு) மாற்ற வேண்டும் என்றார், ஆனால் இந்த எஞ்சினுக்கு உரியது அவரிடமும் இல்லை, மதுரையில் கேட்ட இடத்திலும் இல்லை, கம்பெனியில் சொல்லி வைத்துக் காத்திருந்து வாங்க வேண்டியதாயிற்று, அதற்குள் புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. பழைய ஹோண்டாவுக்கு இப்படி ஒரு நாளும் அலைந்ததில்லை.

ஏன் மாற்றுகிறார்கள் என்று கேட்டால், புல் வெட்டும் மெஷின் விற்பவர்களில் பெரும்பாலோர் எஞ்சின் செய்பவர்கள் இல்லை. பிளேடு மாட்டும் தண்டு கீழ்நோக்கி வரும் இந்த எஞ்சின்களில் போல்ட் துளைகளும் தண்டின் அளவும் பல கம்பெனிகளிடம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதனால் உடம்பில் கை வைக்காமலே ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போய்விடலாம். விலை ஒரு காரணம். டோரோ போன்ற பெரிய கம்பெனியே சில மாடல்களுக்குச் சீனாவின் லான்சினிடம் எஞ்சின் செய்து வாங்கித் தன் பெயரைப் போடுகிறது.

ஆனால் எல்லாமே கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது, சில நேரம் எஞ்சின் கொடுப்பவரே இல்லாமல் போகிறார். அமெரிக்காவில் எத்தனையோ மெஷின்களில் இருந்த டெகும்சே எஞ்சின் செய்வது 2008 கடைசியில் நின்றுபோனது, அதை நம்பியிருந்தவர்கள் வேறு ஆளைத் தேடித்தான் ஆக வேண்டியிருந்தது. 1908-ல் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்ற எஞ்சின் கம்பெனி 2020 ஜூலையில் திவால் மனு போட்டு, அதே ஆண்டு வேறு முதலாளி கைக்குப் போனது. புகைச் சட்டமும் இருக்கிறது. கலிபோர்னியாவில் 2024 மாடலிலிருந்து புதிதாக விற்கும் புல் வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோல் எஞ்சினே கூடாது. 2021-ல் சீனாவிலிருந்து வரும் இந்த வகைச் சிறிய எஞ்சின்களுக்கு அமெரிக்கா கூடுதல் வரி போட்டது, அப்போது விலைக் கணக்கே மறுபடி மாறியது. இவ்வளவும் அவர்கள் பக்கத்து நியாயம், சரி. அப்படியானால் எஞ்சின் மாறியதைப் பெட்டியின் மேலேயே எழுத வேண்டாமா? அதே மாடல் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே மாற்றுவதுதான் எனக்குக் கோபம்.

நம் கரையில் நாட்டுப்படகுகளில் ஓடும் லம்பார்டினி எஞ்சினைப் பாருங்கள். அந்த இத்தாலிக் கம்பெனியை 2007-ல் அமெரிக்காவின் கோலர் வாங்கியது, கோலரின் எஞ்சின் தொழில் 2024-ல் கைமாறி இப்போது ரெல்கோ என்ற பெயரில் இருக்கிறது. இங்கே அதனால் ஒரு வள்ளமும் நிற்கவில்லை. அந்த எஞ்சினை இந்தியாவிலேயே கிரீவ்ஸ் கம்பெனி செய்தது, அதில் அவ்வளவு படகு ஓடுகிறது, ஸ்பேரும் கை தேர்ந்த ஆட்களும் கரையோரம் எங்கும் இருக்கிறார்கள். புல் வெட்டும் மெஷினுக்கும் நான் பார்ப்பது இதைத்தான்: எஞ்சின் எந்த நாட்டில் செய்தது என்பது இரண்டாவது, அதன் கார்ப்ரேட்டர் ராமநாதபுரத்தில் கிடைக்குமா என்பதுதான் முதல்.

இந்த ஊருக்கு அது இன்னும் அவசியம். உப்புக்காற்றும் மணலும் ஒரு பக்கம், இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வது இன்னொரு பக்கம். வெட்டாமல் பல நாள் நிறுத்தி வைத்தால் டேங்கை வடித்துவிட்டு, கார்ப்ரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். ஏர் ஃபில்டரை ஒவ்வொரு முறை வெட்டி முடித்ததும் தட்டிச் சுத்தம் செய்யுங்கள், மணல் உள்ளே போனால் பிஸ்டனைத் தின்றுவிடும்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், வெட்டுக்காக. வாங்குவதாக இருந்தால் எஞ்சின் மேல் உள்ள நம்பரைப் போட்டோ எடுத்து முதலில் உங்கள் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், அவர் ஸ்பேர் இருக்கிறது என்று சொன்ன பிறகு பணம் கட்டுங்கள். கூடவே ஒரு கார்ப்ரேட்டர் செட்டும் கேஸ்கட்டும் அன்றைக்கே பில்லில் சேர்க்கச் சொல்லுங்கள்.