நார்மன் பிரபுவின் விதவை: மறுமணமா, மன்னருக்குப் பணமா?

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், நிலபுலம் உள்ள நார்மன் (1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த இனம்) சீமாட்டி கணவரை இழந்தால் இரண்டு வழிகள். மன்னர் கைகாட்டும் ஆளை மணக்கலாம். துணை கிடைக்கும், ஆனால் நில நிர்வாகம் புதுக் கணவன் கைக்குப் போய்விடும்.

அல்லது பணம் கட்டித் தனியாக இருக்கலாம். செஸ்டர் சீமாட்டி லூசி அதைத்தான் செய்தார். மூன்றாவது கணவர் ரானுல்ஃப் 1129இல் இறந்ததும், ஐந்தாண்டுகள் தன்னை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தாமல் இருக்க மன்னர் முதலாம் ஹென்றிக்கு 500 மார்க் வெள்ளி தர ஒப்புக்கொண்டார். 1130ஆம் ஆண்டு அரசுக் கணக்கிலேயே இது இருக்கிறது. ஒரு மார்க் பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் 333 பவுண்டுக்கும் மேல்! தந்தையின் நிலத்துக்கு வேறு தனியாகக் கட்ட வேண்டியிருந்தது.

விதவைகளை விருப்பமின்றி மணமுடித்துத் தர மாட்டேன் என்று 1100இல் முடிசூடியபோது சாசனம் எழுதிக் கொடுத்தவரும் இதே ஹென்றிதான். எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது. இருந்தாலும், கட்ட முடிந்தவருக்கு லூசியின் வழியே மேல்.