மூன்று முதலாம் ஏர்ல்களும் என் பென்சில் குறிப்பும்

பைண்டிங் கடையிலிருந்து நேற்றுத்தான் திரும்பி வந்தது. பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களின் வம்சாவளித் தொகுதி. பழைய புத்தகக் கடையில் வாங்கி ஆறு வருஷமாகிறது. முதுகு இப்போது கெட்டியாக இருக்கிறது. ஆனால் ஓரத்தைச் சீவிவிட்டார்கள், என் பென்சில் குறிப்புகளோடு சேர்த்து. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

நண்பர் ஒருவர் கேட்டார்: "ராஜாஜி மண்டபம் கட்டின கிளைவ் யாருன்னு அதுல இருக்குமா? வாங்கலாமா?"

இருக்கும். ஆனால் கிளைவ் என்று புரட்டினால் 'போவிஸ் பார்க்க' என்று ஒரு வரிதான். பட்டத்தின் பெயரில்தான் அகராதி வரிசை; போவிஸ் என்பது கிளைவ் குடும்பத்துக்குப் பின்னால் வந்த பட்டம். போவிஸுக்குப் போனால் பிளாசி ராபர்ட் கிளைவ் வருகிறார். 1762-இல் அயர்லாந்துப் பாரன், அதாவது கடைசிப் படிப் பிரபு, ஆனவர். (தமிழில் 'பேரன்' என்று எழுதினால் தாத்தாவைத் தேட வேண்டிவரும்.) அவர் பட்டத்தில் உள்ள பிளாசி வங்காளத்தில் இல்லை, அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் இருக்கிறது! இதைப் பார்த்த அன்று புத்தகத்துக்குக் கொடுத்த காசு வசூலாகிவிட்டது.

அவர் 1774-இலேயே இறந்துவிட்டார். மண்டபம் கட்டியது மகன் எட்வர்ட், 1798 முதல் 1803 வரை சென்னையின் கவர்னர். கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டது இவர் காலத்தில்தான். மனைவி ஹென்ரியட்டா ஹெர்பர்ட். மகள்களோடு 1800-இல் தென்னிந்தியாவைச் சுற்றி வந்து நாட்குறிப்பு எழுதியவர். புத்தகத்தில் அவருக்குக் கல்யாண வருஷம் 1784, அவ்வளவுதான்.

இனிமேல்தான் தலைவலி. ஹென்ரியட்டாவின் அண்ணனோ தம்பியோ என்று நான் பல நாள் குழம்பிய ஜார்ஜ் ஹெர்பர்ட், இரண்டாம் ஏர்ல் ஆஃப் போவிஸ். (ஏர்ல் என்பது பாரனுக்கு மேலான பிரபுப் பட்டம்.) 1801-இல் வாரிசில்லாமல் போய்ச் சேர்ந்தார், பட்டமும் அற்றுப்போனது. 1804-இல் அதே பட்டத்தைப் புதிதாக உண்டாக்கி எட்வர்டுக்குக் கொடுத்தார்கள். புதிது என்பதால் எண்ணிக்கையும் ஒன்றிலிருந்து. ஏற்கெனவே 1674-இல் ஒரு முதலாம் ஏர்ல், 1748-இல் இன்னொருவர்; எட்வர்ட் மூன்றாவது முதலாம் ஏர்ல். இவருடைய மகன் 1807-இல் தாய்மாமன் சொத்துக்காகக் கிளைவ் என்ற பெயரை விட்டு ஹெர்பர்ட் ஆனார். 1839-இல் அவரும் இரண்டாம் ஏர்ல் ஆஃப் போவிஸ். ஆக, மாமனும் இரண்டாமவர், மருமகனும் இரண்டாமவர். அற்றுப்போன பட்டங்களுக்கு இந்தத் தொகுதியில் இடமே கிடையாது என்பதால் மாமனைத் தேடி வேறு புத்தகத்துக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் ஓரத்தில் 1, 2, 3 என்று போட்டு, 'மாமன்' என்று எழுதி, கோடு இழுத்து வைத்திருந்தேன். பைண்டர் 'ன்' மட்டும் விட்டுவைத்திருக்கிறார்.

நியாயமாகச் சொன்னால், தேதிகளில் இதுவரை என்னை ஏமாற்றியதில்லை. காகிதமும் அருமை. வாரத்துக்கு இரண்டு முறையாவது எடுக்கிறேன். சரி, வாங்கலாமா? வேண்டாம். பட்டத்தை வைத்து மனிதரைத் தேடப் பழகுவதற்குள் பாதி ஆர்வம் போய்விடும். என்னுடையதை இரவல் கேட்கவும் வேண்டாம். ஓரத்தில் இடமில்லாததால் இப்போது வரிகளுக்கு நடுவே 'மாமன்' எழுதிக்கொண்டிருக்கிறேன்.