நிலாவெளியில் நீங்கள், உவர்மலையில் கணினி: எதைப் போடலாம்?

அலுவலகக் கணினி உவர்மலையில். நீங்கள் நிலாவெளியில், ஒரு 4ஜி டொங்கிளோடு. அந்தக் கணினியின் திரையை இங்கிருந்தே பார்த்து இயக்க எது நல்லது: ஆர்டிபியா, விஎன்சியா, எனிடெஸ்க்கா? பெயரை விடுங்கள், ஒவ்வொன்றும் எதை அனுப்புகிறது என்று பார்த்தால் பாதி குழப்பம் தீரும்.

1920×1080 திரையைச் சுருக்காமல் அனுப்பினால் ஒரு படத்துக்கே 6 எம்பிக்கு மேல். செக்கனுக்கு 30 படம் என்றால் ஏறத்தாழ 1.5 கிகாபிட். டொங்கிள் தாங்குமா? ஆகவே எல்லாமே சிக்கனம் பிடிக்கின்றன, ஆளுக்கொரு விதமாக.

விஎன்சி மாறிய இடத்தின் பிக்சல்களை மட்டும் அனுப்பும், அதுவும் பார்ப்பவர் பக்கத்திலிருந்து கேட்ட பிறகுதான். ஒரே வைஃபைக்குள் நன்றாக ஓடும். 4ஜியில் அந்தக் கேள்வியும் பதிலும் போய்வருவதற்குள் திரை துண்டு துண்டாக வரும். அடிப்படை நெறிமுறையில் ஒலி கிடையாது, மறைகுறியாக்கமும் கிடையாது. லினக்ஸ் கணினியைப் பார்க்கப் போதும். அவ்வளவுதான்.

1998இல் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சேர்வரோடு வந்த ஆர்டிபியின் போக்கு வேறு. 'இங்கே இந்தப் பெட்டியை வரை' என்று கட்டளையாக அனுப்பும். ஒருமுறை அனுப்பிய ஐகானை மறுபக்கம் சேமித்து வைத்துக்கொள்ளும். எக்செல்லில் கணக்குப் பார்ப்பவருக்கு இது பெரிய லாபம். புதிய பதிப்புகள் வீடியோச் சுருக்கத்தையும் சேர்த்துக்கொண்டன. அதில் ஒரு வில்லங்கம் உண்டு: வழக்கமான வீடியோச் சுருக்கம் நிறத் தகவலைக் கால்வாசியாகக் குறைத்துவிடும். சிவப்பில் போட்ட சின்னத் தமிழ் எழுத்தில் புள்ளி மங்கி, 'க்' எது, 'க' எது என்று கண்ணைச் சுருக்க வேண்டிவரும். ஆர்டிபி 10இல் வந்த ஏவிசி 444 முறை நிறத்தை முழுதாக அனுப்புகிறது.

ஒலிதான் உண்மையான சோதனை. சிடி தர ஒலி சுருக்காமல் செக்கனுக்கு 1,411 கிலோபிட். ஓபஸ் சுருக்கத்தில் 64 கிலோபிட்டே பேச்சுக்குத் தாராளம். ஆனால் அளவைவிட ஒழுங்கு முக்கியம். தரவைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக அனுப்ப டிசிபி, யுடிபி என்று இரண்டு முறைகள் உண்டு. டிசிபியில் ஒரு பொட்டலம் தொலைந்தால், அது மறுபடி வரும்வரை பின்னால் வந்தவையும் காத்துக்கிடக்கும். திரை அரை செக்கன் நின்றால் பொறுத்துக்கொள்ளலாம், பேச்சு விக்கினால் எரிச்சல்தான். யுடிபியில் தொலைந்ததை விட்டுவிட்டு மேலே போகலாம். ஆர்டிபி 8ஆம் பதிப்பிலிருந்து யுடிபியையும் பயன்படுத்துகிறது.

அப்படியானால் எனிடெஸ்க், டீம்வியூவர், ரஸ்ட்டெஸ்க் எதற்கு? கைபேசி வலையமைப்பில் பல இணைப்புகள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால் வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. இவை நடுச் சேர்வர் வழியாக வழி கண்டுபிடித்துக்கொள்ளும். கிண்ணியாவில் இருக்கும் மாமாவின் மடிக்கணினியைத் திருத்திக் கொடுக்க இதைவிடச் சுலபம் இல்லை. நேர்வழி கிடைக்காவிட்டால் படம் முழுவதும் அந்தச் சேர்வரைச் சுற்றியே வரும். அது வெளிநாட்டில் இருந்தால் மௌஸ் இழுபடும்.

திரையை வீடியோவாகவே அனுப்பும் சன்ஷைன், மூன்லைட் ஜோடி விளையாட்டுக்கு அருமை, ஆனால் 10 மெகாபிட்டில் வைத்தால் மணிக்கு 4.5 ஜிபி போய்விடும். டொங்கிளுக்கு ஆகாது.

தினசரி வேலைக்கு என் தெரிவு ஆர்டிபி, அதுவும் விபிஎன் என்ற மறைகுறியாக்கிய தனிவழிக்குள். ஆர்டிபி கேட்டுக்கொண்டிருக்கும் 3389 வாயிலை இணையத்துக்குத் திறந்து வைக்கவே வேண்டாம். அலுவலகக் கணினியில் விண்டோஸ் புரோ வேண்டும், ஹோம் பதிப்பு ஆர்டிபி வழியாக உள்ளே விடாது. ஒலி தேவையில்லாத நாளில் இணைப்பு அமைப்பிலேயே அதை நிறுத்திவிடுங்கள்.