தாதியர் கல்லூரியா, கம்பஸா?

ஏ.எல். (உயர்தரம்) உயிரியல் முடித்த பிள்ளை தாதியாக யாழ்ப்பாணத்தில் இரண்டு வழி. தாதியர் பயிற்சிக் கல்லூரி 3 வருடம். அரச வர்த்தமானியில் வரும் அறிவித்தலைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். படிக்கும்போதே மாதக் கொடுப்பனவு உண்டு. வாட்டில் நின்று, சுருக்கம் விழாமல் கட்டில் விரிப்பின் மூலை மடிப்பதிலிருந்து பழக்குவார்கள்.

யாழ். பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டம் 4 வருடம். அதற்கு இசட் புள்ளி, அதாவது ஏ.எல். பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளி, போதுமானதாக இருக்க வேண்டும். மகாபொல உதவித்தொகை கிடைத்தால் பஸ் காசுக்கு ஆகும், அவ்வளவுதான். ஆனால் மேற்படிப்புக்கு வசதி.

எதைப் படித்தாலும் இலங்கைத் தாதியர் பேரவையில் பதிய வேண்டும். பேரவைக்கான சட்டம் 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம்.

வீட்டில் காசு முடை என்றால் நான் கல்லூரியைத்தான் சொல்வேன். பட்டத்தை அப்புறம் திறந்த பல்கலைக்கழகத்தில் எடுக்கலாம். என்ன, நைட் டியூட்டி முடிந்து வந்து புத்தகம் விரிக்கத் தெம்பு வேண்டும்.