பழைய ஜிடிஓவை விற்றுக்கொடுத்த கடை

டெட்ராய்ட் அருகே பழைய கார்களைக் கமிஷனுக்கு விற்றுத்தரும் ஒரு கடையில், நான் ஆறு ஆண்டுகள் பாடுபட்டுப் புதுப்பித்த 1968 போன்டியாக் ஜிடிஓவைச் சென்ற ஆண்டு ஒப்படைத்தேன். தொழில் தெரிந்தவர்கள் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே விளங்கியது. வண்டியின் அடையாள எண் 242 என்று தொடங்குகிறதா என்றுதான் முதலில் பார்த்தார்கள். 1966 முதல் ஜிடிஓ தனி வரிசையாகிவிட்டதால், போன்டியாக்கின் சாதாரண மாடலான லெமான்ஸ் காரில் சின்னத்தை ஒட்டி ஜிடிஓ என்று விற்கப்படும் போலிகளை அந்த மூன்று இலக்கங்களே காட்டிக்கொடுத்துவிடும். 1964, 1965 கார்களில் ஜிடிஓ என்பது லெமான்ஸுக்கான கூடுதல் தெரிவாக மட்டுமே இருந்ததால், பழைய ஆவணங்களைத்தான் நம்ப வேண்டும்.

பிறகு, துணி சுற்றிய காந்தத்தைப் பின்சக்கர வளைவின் மேல் மெல்ல நகர்த்தினார்கள். ஓரிடத்தில் அது பிடிக்காமல் நழுவியது. இரும்புத் தகட்டின் பழுதை மறைக்கப் பெயிண்டுக்கு அடியில் பட்டி (நிரப்புப் பசை) பூசியிருந்ததை நான் ஒப்புக்கொண்டதும், அதை விளம்பரத்திலேயே குறிப்பிட்டார்கள். அந்த நேர்மையால் விலை சற்றுக் குறைந்தாலும், வாங்க வந்தவர் பேரத்தை இழுத்தடிக்கவில்லை. (ரப்பர் போன்ற பொருளால் மூடப்பட்ட முன்பக்க எண்டுரா பம்பரிலும் காந்தம் ஒட்டாது, அது குறையல்ல, அந்த ஆண்டின் புதுமை.)

என் மனக்குறை கணக்கில்தான். கமிஷனைத் தெளிவாகச் சொன்னவர்கள், மூன்றாவது மாதத்திலிருந்து நிறுத்திவைக்கும் வாடகை உண்டு என்பதை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். வண்டி விற்றதோ நான்காவது மாதத்தில்.